‘சினை பிடிக்கவில்லை’: கறவை மாடுகளின் இனப்பெருக்கக் கோளாறுகளை அறிதலும் தீர்த்தலும் – விருத்தாசலம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கறவை மாடு குறித்த காலத்தில் சினையாகாமல் போவதை உழவர் ‘சினை பிடிக்கவில்லை’ என்னும் ஒரே தொடரால் குறிப்பிடுவர். இத்தொடர் காரணத்தாலும் தீர்வாலும் வேறுபட்ட பல நிலைகளை உள்ளடக்கியது. ஒரு நிலைக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. சில வேளைகளில் தீங்கும் விளைவிக்கும். மருந்தைத் தேர்வதற்கு முன் நிலையைப் பிரித்தறிவதே தலையாயது என்பதையும், அதற்கான முதற் சான்றுகள் உழவரின் நாள் கணக்கிலும் சொற்களிலும் அமைந்துள்ளன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சினைப்பருவம், ஊமைப் பருவம், செயற்கைமுறைக் கருவூட்டல், கருப்பை அழற்சி, கன்று வீச்சு, நடுநாடு, விருத்தாசலம்.

முன்னுரை

தமிழர் வாழ்வில் ஆநிரை செல்வமாகக் கருதப்பட்ட வரலாறு பழமையானது. கன்று ஈன்ற அண்மைக் காலத்துப் பசுவைப் ‘புனிற்றா’ எனச் சங்க இலக்கியம் தனிச்சொல்லால் சுட்டுகிறது. பெண்பாற் பெயர்களுள் ஒன்றான ‘நாகு’ என்பதை எருமைக்கும் மரைக்கும் பெற்றத்துக்கும் உரியதாகத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது. இன்றைய வழக்கிலும் கிடேரி, தலையீத்து, இளஞ்சினை, நிறைசினை, கறவை, வற்றிய மாடு என ஒரே விலங்கின் இனப்பெருக்க நிலைகள் தனித்தனிப் பெயர்களைப் பெற்றுள்ளன. ஈனும் நிலைகளை இவ்வளவு நுட்பமாகப் பிரித்த மொழி, ஈனாமையைக் குறிக்க ‘மலடு’, ‘சினை பிடிக்காதது’ என்னும் பொதுச்சொற்களோடு பெரும்பாலும் அமைந்துவிட்டது. ஈனாமையின் காரணங்கள் உடலுக்குள் மறைந்திருப்பதே இதற்குக் காரணம் எனலாம்.

இப்பொதுமை சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. ‘மலடு’ எனப் பெயர் பெற்ற மாடு பெரும்பாலும் குறைந்த விலைக்கு அடிமாடாக விற்கப்படுகிறது. தீர்க்கக்கூடிய குறையுடைய மாடும் அவ்வாறு இழக்கப்படும்போது, ஒன்றிரண்டு மாடுகளை நம்பிய குடும்பத்தின் வருவாய் அறுபடுகிறது.

விருத்தாசலம் வட்டாரமும் மாடு வளர்ப்பும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரும் பழமலைநாதர் கோயிலும் கொண்ட ஊர். அண்மைக் காலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையாலும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வியாலும் பீங்கான் நகரம் எனப் பெயர் பெற்றது. நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் நெல், நிலக்கடலை, முந்திரி ஆகியவற்றைச் சார்ந்தவை. இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை, முந்திரி ஆகிய பயிர்களில் ‘விஆர்ஐ’ என்னும் முன்னொட்டுடைய இரகங்களை வெளியிட்டுள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இவ்வூரில் இயங்குகிறது.

இப்பயிர்ச் சூழல் மாட்டின் தீவனத்தையும் தீர்மானிக்கிறது. வைக்கோல், கடலைக்கொடி, கடலைப் பிண்ணாக்கு, தவிடு ஆகியவை இத்தகைய வட்டாரங்களில் எளிதில் கிடைப்பவை; பசுந்தீவனம் மழையைப் பொறுத்தது. கோடை நீண்டும் வெயில் கடுமையாகவும் இருப்பதால் கலப்பினப் பசுக்கள் வெப்ப அயர்ச்சிக்கு உள்ளாகின்றன. வெப்ப அயர்ச்சியுற்ற மாட்டில் பருவக்குறிகள் மங்குகின்றன; பருவத்தின் கால அளவும் சுருங்குகிறது. வீட்டிலுள்ளோர் வயல் வேலைக்கோ சூளை வேலைக்கோ விடியலிலேயே சென்றுவிடுவராயின், அக்குறிகளைக் காணும் வாய்ப்பு மேலும் குறைகிறது. ஆகவே நோயறிதல் மாட்டின் உடலோடு அதை வளர்ப்போரின் அன்றாடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியதாகிறது.

சினைப்பருவச் சுழற்சி

பசுவின் சினைப்பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 நாள் வரை இயல்பானது. சினைப்பையில் முட்டையைத் தாங்கிய நீர்ப்பை முதிரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், பருவக்குறிகளைத் தோற்றுவிக்கிறது. அடிக்கடி கத்துதல், தீவனம் குறைதல், பால் குறைதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், அறை தடித்துச் சிவத்தல், கண்ணாடி போன்ற தெளிந்த வழவழப்பான ஒழுக்கு, பிற மாடுகள் மீது தாவுதல் ஆகியவை அக்குறிகள். பிற மாடு தன்மேல் தாவும்போது விலகாமல் நிற்பதே இவற்றுள் மிக உறுதியானது. ஒற்றை மாடு வளர்க்கும் வீட்டில் இக்குறியைக் காண இயலாமையால், ஒழுக்கும் கத்தலுமே சான்றாகின்றன.

பருவம் ஏறத்தாழ 12 முதல் 18 மணிநேரம் நீடிக்கும். முட்டை வெளிப்படுவது பருவம் முடிந்து சுமார் 12 மணிநேரத்திற்குப் பின்னரே. கருவூட்டலின் கால ஒழுங்கு இதனை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்காவின் டிரிம்பெர்கர் 1948இல் வெளியிட்ட ஆய்வின் வழிப் பரவலான நெறி எளியது: காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு அன்று மாலையும், மாலையில் கண்ட மாட்டுக்கு மறுநாள் காலையும் கருவூட்டுக. ‘சினை ஊசி’ எனப் பேச்சுவழக்கில் வழங்கும் இச்செயலில், கழிதட்பம் 196 பாகை செல்சியசில் திரவ நைட்ரஜனில் காக்கப்பட்ட உறைவிந்துக் குச்சி, சுமார் 37 பாகை வெப்பமுள்ள நீரில் அரை நிமிடம் உருக்கப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. குச்சியைக் கையாள்வதில் நேரும் தவறும் நேரம் தவறுதலும் ‘மாட்டின் குறை’யாகக் கணக்கிடப்படுவது உண்டு.

பருவம் முடிந்து ஓரிரு நாளில் சில மாடுகளுக்கு, குறிப்பாகக் கிடேரிகளுக்கு, இரத்தம் கலந்த ஒழுக்கு தோன்றும். இது சினை கலைந்ததன் அடையாளமன்று. சினை பிடித்ததன் அடையாளமும் அன்று. ஈஸ்ட்ரோஜன் அளவு வீழ்வதால் கருப்பை உட்சுவரின் நுண்குழாய்கள் கசிவதே காரணம். பருவத்தைக் காணத் தவறியவருக்கு இவ்வொழுக்கு ஒரு நற்சான்று. அடுத்த பருவத்தை ஏறத்தாழ 18 நாள் கழித்து எதிர்பார்க்கலாம் என்பதை அது கூறிவிடுகிறது.

நாள் கணக்கு என்னும் முதற் சான்று

மாட்டைத் தொடுவதற்கு முன்னரே மருத்துவர் அறியக்கூடியவை பல. ஊசி போட்ட நாளுக்கும் பருவம் திரும்பிய நாளுக்கும் இடையிலான கால அளவு அவற்றுள் முதன்மையானது.

18 முதல் 24 நாளுக்குள் பருவம் திரும்பினால், கருவுறுதல் நிகழவில்லை அல்லது கரு மிக இளநிலையில், ஏறத்தாழ 16ஆம் நாளுக்கு முன், அழிந்தது எனக் கொள்ளலாம். 25 நாளுக்கு மேல் ஒழுங்கற்ற இடைவெளியில் திரும்பினால், கரு சற்றே வளர்ந்த பின் அழிந்திருக்கக்கூடும். 36 முதல் 48 நாளில் திரும்பினால், இடையில் ஒரு பருவம் காணாமல் விடப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. 17 நாளுக்கும் குறைவாயின், இரண்டு பருவங்களுள் ஒன்று தவறாக அடையாளம் காணப்பட்டது அல்லது சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளது என ஐயுறலாம்.

இவ்வளவும் சுவர் நாட்காட்டியில் இட்ட சில குறிகளால் அறியப்படுவன. அக்குறிகள் இல்லாதபோது, ‘இரண்டு மூன்று முறை போட்டும் பிடிக்கவில்லை’ என்னும் கூற்று மட்டுமே எஞ்சுகிறது.

ஒரு தொடர், பல நிலைகள்

1. பருவத்திற்கு வாராமை

ஈன்று 60 முதல் 90 நாள் கடந்தும் பருவம் காணாத மாட்டில் மூன்று வாய்ப்புகள் உண்டு. முதலாவது, மாடு ஏற்கெனவே சினையாயிருத்தல். இதை நீக்காமல் எம்மருந்தும் தரலாகாது. இரண்டாவது, சினைப்பை உறங்குநிலையில் இருத்தல். மலக்குடல் வழி ஆய்வில் அது சிறுத்தும் வழவழப்பாகவும் தென்படும். 10 நாள் இடைவெளியில் இருமுறை ஆய்ந்தும் கார்பஸ் லூட்டியம் எனப்படும் மஞ்சள் திரள் தென்படாவிடில் இந்நிலை உறுதியாகும். ஈன்ற பின் பால் பெருகும்போது உட்கொள்ளும் ஆற்றலைவிடச் செலவழியும் ஆற்றல் மிகுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஆகவே தீவனச் சீரமைப்பு, தாது உப்பு, குடற்புழு நீக்கம் ஆகியன முதற்சிகிச்சை. புரோஜெஸ்டிரோன் கருவியைப் பிறப்புறுப்பினுள் வைத்துப் பருவத்தைத் தூண்டுதல் அடுத்த நிலை. மூன்றாவது, கருப்பையில் சீழ் தேங்கியிருத்தல். அந்நிலையில் மஞ்சள் திரள் கரையாது நீடிக்க, மாடு சினையுற்றது போன்றே பருவமின்றி இருக்கும்.

2. ஊமைப் பருவம்

சினைப்பை இயல்பாக இயங்கி, முட்டையும் உரிய காலத்தில் வெளிப்பட்டு, புறக்குறிகள் மட்டும் தோன்றாதிருப்பதே ஊமைப் பருவம். எருமைகளில் இது மிகுதி; கோடையில் கலப்பினப் பசுக்களிலும் காணப்படும். இது உழவரின் கண்ணுக்குப் ‘பருவத்திற்கு வாராமை’யாகவே தோன்றும், ஆனால் ஆய்வில் மஞ்சள் திரள் தெளிவாகத் தென்படும். இம்மாட்டுக்கு, சினையில்லை என உறுதிசெய்த பின், புராஸ்டாகிளாண்டின் ஊசி பயன்தரும். சுழற்சியின் 5 முதல் 17ஆம் நாள் வரையிலான மஞ்சள் திரளை அது கரைக்க, 2 முதல் 5 நாளில் பருவம் வெளிப்படும். உறங்கும் சினைப்பையுடைய மாட்டுக்கு அதே ஊசி பயனற்றது, கரைப்பதற்குத் திரள் இன்மையால். சினை மாட்டுக்கு அது கருச்சிதைவை விளைவிக்கும். ஒரே தோற்றமுடைய மூன்று மாடுகளுள் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு வீண்செலவாகவும் இன்னொன்றுக்குக் கேடாகவும் முடிவதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை.

பருவக்குறிகளைக் காண இயலாத சூழலில், குறித்த நேரக் கருவூட்டல் ஒரு தீர்வாகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 1995இல் வெளியிட்ட ‘ஓவ்சிங்க்’ முறையில், முதல் நாளில் ஜிஎன்ஆர்எச் ஹார்மோன், 7 நாள் கழித்துப் புராஸ்டாகிளாண்டின், மேலும் 2 நாள் கழித்து மீண்டும் ஜிஎன்ஆர்எச் எனத் தந்து, அதன்பின் 16 முதல் 20 மணிநேரத்தில் கருவூட்டுவர். உறங்கும் சினைப்பையுடைய மாடுகளில் இம்முறை குறைந்த பயனே தரும்.

3. ஊசி போட்டும் பருவம் திரும்புதல்

சுழற்சி ஒழுங்காகவும் உறுப்புகள் இயல்பாகவும் இருந்தும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருவூட்டலுக்குப் பின்னும் சினையாகாத மாடு இவ்வகையினது. கருவூட்டல் நேரம் தவறுதல், முட்டை வெளிப்படுவதில் தாமதம், புறத்தே தெரியாத கருப்பை அழற்சி, இளங்கரு அழிவு ஆகியன காரணங்கள். முதலில் பார்க்க வேண்டியது நேரமே. பருவம் நீண்டு நிற்கும் மாட்டுக்கு 24 மணிநேர இடைவெளியில் இரண்டாம் ஊசியும், கருவூட்டலின்போது ஜிஎன்ஆர்எச்சும் தருவர். மறைந்த அழற்சியை அறிய ‘ஒயிட் சைடு’ சோதனை எளியது. பருவ ஒழுக்கையும் 10 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் சம அளவில் கலந்து கொதிக்கவைக்கும்போது நிறம் மாறாவிடில் இயல்பு, மஞ்சளாயின் அழற்சி. நிறம் அடர அடர அழற்சியின் கடுமையும் மிகும்.

4. கருப்பை அழற்சி

ஒழுக்கு கண்ணாடி போலன்றிக் கலங்கியோ சீழ் கலந்தோ வருதல் இதன் குறி. அத்தகைய பருவத்தில் ஊசி போடாமல் விடுத்து, அழற்சியைத் தீர்த்த பின் அடுத்த பருவத்தைப் பயன்படுத்துதல் வேண்டும். மஞ்சள் திரள் இருப்பின் புராஸ்டாகிளாண்டின், தேவைக்கேற்பக் கருப்பையினுள் நுண்ணுயிர்க்கொல்லி என்பன சிகிச்சை. நுண்ணுயிர்க்கொல்லி தந்த மாட்டின் பாலை, அம்மருந்துக்குரிய விலக்குக் காலம் முடியும்வரை விற்றலும் அருந்தலும் கூடா.

5. சினைப்பை நீர்க்கட்டி

முதிர்ந்த நீர்ப்பை வெடிக்காமல் 25 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து நீடிப்பது நீர்க்கட்டி. சில மாடுகள் ஓயாது பருவக்குறி காட்டும். சில குறியே காட்டா. ‘எப்போதும் கத்துகிறது, எத்தனை ஊசிக்கும் நிற்பதில்லை’ என்னும் கூற்று இதைச் சுட்டக்கூடும். ஜிஎன்ஆர்எச் ஊசியும் அதன் பின்னர்ப் புராஸ்டாகிளாண்டினும் இதற்குரிய சிகிச்சையாகும்.

இவற்றின் வேறாக, தீர்வற்ற மலடும் உண்டு. காளைக்கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த கிடேரிகளுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பிறப்புறுப்பு வளர்ச்சியற்றவை. கருவில் இரு கன்றுகளின் இரத்த ஓட்டமும் இணைவதே காரணம். பிறப்பு வரலாற்றைக் கேட்டறிந்தால், ஆண்டுக்கணக்கான வீண் சிகிச்சையைத் தவிர்க்கலாம்.

ஈற்றிலிருந்து தொடங்கும் கோளாறுகள்

சினை பிடிக்காமையின் வேர் பல வேளைகளில் முந்தைய ஈற்றில் உள்ளது. ஈன்று 12 மணிநேரத்திற்குள் நஞ்சுக்கொடி விழாவிடில் அதைத் தங்கிய நஞ்சுக்கொடி என்பர். இதனை ‘இளங்கொடி’ என்னும் சொல்லாலும் தமிழ் குறிக்கிறது. தொங்கும் கொடியில் கனத்தைக் கட்டுவதும் வலிந்து இழுப்பதும் கருப்பை உட்சுவரைக் கிழித்துக் கிருமித்தொற்றுக்கு வழிசெய்வன. காய்ச்சலற்ற மாட்டில் கொடி தானே கழன்று விழக் காத்திருத்தலும், காய்ச்சல் கண்டால் மருத்துவரை அழைத்தலும் ஏற்ற நெறி.

மற்றொன்று கன்று வீச்சு. புருசெல்லா கிருமியால் நேரும் இந்நோயில் சினையின் பிற்பகுதியில், பெரும்பாலும் 5ஆம் மாதத்திற்குப் பின், கன்று வீசப்படும். இது மனிதருக்கும் தொற்றி விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் உண்டாக்கும். வீசிய கன்றையும் கொடியையும் வெறுங்கையால் அகற்றுவோர், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், முதலில் இடருக்கு உள்ளாகின்றனர். கையுறையணிந்து அகற்றி, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தலும் பாலைக் காய்ச்சியே பருகுதலும் இன்றியமையாதவை. 2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. இந்நோய்க்கு மாட்டில் சிகிச்சை தேடுவதைவிடக் கன்றிலேயே தடுப்பது அறிவுடைமை.

தீவனமும் மரபு மருத்துவமும்

வைக்கோல் வயிற்றை நிரப்பும். மாட்டின் இனப்பெருக்கத் தேவையை நிறைவு செய்யாது. அதில் புரதமும் பாஸ்பரசும் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணித்துவிடும். கடலைக்கொடி கிடைக்கும் விருத்தாசலம் போன்ற வட்டாரத்தில் அதை வைக்கோலோடு கலந்தளித்தல், செலவு குறைந்த திருத்தமாகும். பூஞ்சை படிந்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் அதை விலக்க வேண்டும். இவற்றோடு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை தேவை.

மரபு மருத்துவத்திற்கும் இங்கு இடமுண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் நெறிப்படுத்திய மூலிகை முறைகளை, தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் பரப்பிவருகிறது. பருவம் திரும்பும் மாட்டுக்கு, பருவத்தின் முதல் அல்லது இரண்டாம் நாளில் தொடங்கி, முள்ளங்கி 5 நாளும் சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, மஞ்சள் சேர்த்த கறிவேப்பிலை ஆகியவை முறையே நான்கு நான்கு நாளும் வெல்லமும் உப்பும் கலந்து தரப்படுகின்றன. கூட்டினால் 21 நாள். ஒரு முழுச் சுழற்சி. இம்முறையும் ‘ஊசி போட்டும் திரும்பும்’ மாட்டுக்கென வகுக்கப்பட்டதே. சீழ் தேங்கிய கருப்பைக்கோ நீர்க்கட்டிக்கோ ஆய்வின்றி இதைத் தந்து காலம் தாழ்த்துதல், ஆய்வின்றி ஹார்மோன் ஊசி போடுவதைப் போன்றே பிழையானது.

சொல்லும் நோயறிதலும்

விருத்தாசலத்தை உள்ளடக்கிய நடுநாட்டின் வழக்குச் சொற்களைக் கண்மணி குணசேகரன் தம் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யில் தொகுத்துள்ளார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்திற்குச் செய்த பணியின் தொடர்ச்சியாக அதைக் கருதலாம். மொழியியலாரால் பெரிதும் இலக்கியச் சான்றாகப் பார்க்கப்படும் இத்தகைய தொகுப்புகள் கால்நடை மருத்துவத்திற்கும் பயன்படக்கூடியவை. ‘ஒழுக்கு எப்படி இருந்தது, கண்ணாடி போலா, மோர் போலா?’ என உழவரின் உவமையில் வினவும்போது, இயல்பான பருவமும் அழற்சியும் விடையிலேயே பிரிகின்றன. ‘கருப்பை அழற்சி உண்டா?’ என்னும் வினாவுக்கு அத்தகைய விடை கிடைப்பதில்லை. அவ்வகையில் மாட்டின் பருவம், சினை, ஈற்று, கொடி, ஒழுக்கு குறித்த வட்டாரச் சொற்களைப் பொருள் வரையறையோடு தொகுப்பது தமிழ் ஆய்வாளரும் கால்நடை மருத்துவரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும்.

முடிவுரை

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈன்ற 85 நாளில் மீண்டும் சினையானால் ஆண்டுக்கொரு கன்று என்னும் இலக்கு நிறைவேறும். காணத் தவறும் ஒவ்வொரு பருவமும் அதில் 21 நாளைக் குறைக்கிறது. மூன்று பருவம் தவறினால் 63 நாள். ‘சினை பிடிக்கவில்லை’ என்னும் தொடரைப் பருவம் வாராமை, ஊமைப் பருவம், பருவம் திரும்புதல், அழற்சி, நீர்க்கட்டி எனப் பிரித்தறிந்த பின்னரே மருந்து பொருளுடையதாகும். ஊசி போட்ட நாளைக் குறித்தல், 60ஆம் நாளுக்குள் சினை ஆய்வு செய்தல், சினையில்லை என உறுதிப்படுத்தாமல் ஹார்மோன் தாராமை ஆகிய மூன்றும் பெரும்பொருள் வேண்டாத நெறிகள். இவற்றைப் பின்பற்றிய பின்னும் ஈனாத மாட்டை மட்டுமே மலடு எனல் தகும்.